அலுமாரிக் கதவில் ஓர் அடைவுச் சீட்டு

எங்கள் வீட்டு அலுமாரியின் இடதுபக்கக் கதவைத் திறந்தால் அதன் உட்புறத்தில் ஒரு ரெஜிபோம் (வெள்ளை நுரைத்) தகடும், அதன்மேல் அரைவாசியாக வெட்டிய வெள்ளை பிறிஸ்டல் மட்டையும், மட்டையில் குண்டூசியால் குத்திய சில தாள்களும் இருக்கும். அவற்றுள் ஒரு தாளைக் கழற்றியபோது அந்த இடத்தில் நான்கு துளைகள் மட்டுமே எஞ்சின. பத்தொன்பது மாதங்களாக அங்கே இருந்தது, நகை அடைவு வைத்த சீட்டின் போட்டோப் பிரதி. வாழ்க்கை இலக்குகளைப் படங்களாக ஒட்டிவைக்கும் இலக்குப் பலகையைப் பற்றி எழுத உட்காரும்போது, அந்தச் சீட்டிலிருந்து தொடங்குவதே நேர்மை என்று தோன்றுகிறது; ஏனெனில் நான் செய்த இரண்டு பலகைகளில் முதலாவது ஏழு மாதங்கள் சுவரில் தொங்கியும் ஒரு பயனும் தராததற்கும், இரண்டாவது ஓரளவு வேலை செய்ததற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அந்த ஒரு தாளில் அடங்கியிருந்தது.

முதற் பலகையைச் செய்தது 2023 ஜனவரியில். அதற்கு முந்திய ஆண்டு எங்களுக்கு எப்படிப் போனது என்பதை இலங்கையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, பெற்றோலுக்கு ஒரு வரிசை, எரிவாயுவுக்கு ஒரு வரிசை என்று நாட்கள் கழிந்தன. மின்வெட்டு சில நாட்களில் பத்து மணித்தியாலத்தையும் தாண்டியது. அந்த ஜூன் மாதம் அப்பாவின் சத்திரசிகிச்சைச் செலவுக்காக என் மூன்று பவுண் சங்கிலியை 240,000 ரூபாவுக்கு அடைவு வைத்தோம். அப்பா தேறிவிட்டார், சங்கிலி திரும்பவில்லை. இப்படியான ஓர் ஆண்டுக்குப் பிறகு, அலுவலகத் தோழி ஒருத்தி தன் கைபேசியில் ‘விஷன் போர்ட்’ செய்யும் காணொளியைக் காட்டி, நாங்களும் செய்வோம் என்று அழைத்தபோது, மறுக்க மனம் வரவில்லை. நாங்கள் மூன்று பேர், மூவரும் முகாமைத்துவ உதவியாளர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் பழைய பத்திரிகைகளையும் கலண்டர்களையும் பரப்பிவைத்துக் கத்தரிக்கோலுடன் உட்கார்ந்தோம்.

இந்தப் பழக்கம் உலகெங்கும் பரவியதற்கு 2006இல் வெளியான ஓர் ஆங்கிலப் படமும் அதே பெயரிலான நூலும் பெரிய காரணம். மனத்தில் தெளிவாகக் கண்டதைப் பிரபஞ்சம் இழுத்து வந்து கையில் தரும் என்பது அவற்றின் வாக்கு. நாங்கள் அதை முழுதாக நம்பினோம் என்று சொல்ல முடியாது. ஆனால் முழுதாக நம்பாமலும் இல்லை.

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் படம் தேடி வெட்டியவர்களுக்குத்தான் அதிலுள்ள சிரமம் தெரியும். பக்கம் பக்கமாக மரண அறிவித்தல்கள், இன்ன தீவைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்டவர் என்று. அதற்கு அடுத்தபடியாக மணமகன் தேவை, காணி விற்பனைக்கு, வெளிநாடு செல்ல ஆலோசனை. கலண்டர்களிலோ சாமிப் படங்களும், பெயின்ற் விளம்பரங்களில் வரும் மாடி வீடுகளும். ஆகவே என் பலகையில் அன்று ஏறியவை ஒரு மாடி வீடு, பனி மூடிய ஒரு கனடிய வீதி, ஒரு சிவப்புக் கார், யாரென்று தெரியாத ஒரு மெலிந்த பெண், தலைப்புச் செய்தி ஒன்றிலிருந்து வெட்டிய ‘வெற்றி’ என்ற சொல். அவற்றை ஒட்டி முடித்து எட்ட நின்று பார்த்தபோது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. நான் அப்போது கவனிக்காதது ஒன்றுண்டு: அந்தப் பலகையில் இருந்தவை என் ஆசைகள் அல்ல, அன்று கைக்கு அகப்பட்ட தாள்களில் அச்சடிக்கப்பட்டிருந்த ஆசைகள். கனடாவுக்குப் போகவேண்டும் என்று நான் ஒருநாளும் உறுதியாக எண்ணியதில்லை. அங்கே இருக்கும் அண்ணாதான் தொலைபேசியில் கதைக்கும்போதெல்லாம் எண்ணுவார்.

அடுத்த பிழை, பலகையை முன்விறாந்தையில் மாட்டியது. கண்ணில் படும் இடத்தில் வைக்கவேண்டும் என்று காணொளியில் சொன்னார்கள். ஆனால் எங்கள் ஊரில் முன்விறாந்தை என்பது என் கண்ணுக்கு மட்டும் உரிய இடமல்ல. படலையைத் திறந்துகொண்டு வந்த அயலவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். ஒரு மாமி கனடாப் படத்தைக் காட்டி, “விசா சரிவந்திட்டுதோ?” என்று கேட்டார். இன்னொருவர் மெலிந்த பெண்ணைப் பார்த்து, அது யார், பெறாமகளா என்று விசாரித்தார். நான் யாருக்கும் சொல்லாத இலக்கு என்று ஒன்றும் எஞ்சவில்லை. அதைவிட, வந்தவர்களிடம் சொல்லிச் சொல்லியே அதைச் செய்துவிட்டது போன்ற ஓர் அரைத் திருப்தியும் உண்டாகியது. அம்மா மட்டும் பல நாட்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, ஒருநாள் விளக்குமாற்றோடு நின்றபடி சொன்னார்: “உதில வீடு நல்ல வடிவாத்தான் கிடக்கு. உள்ளுக்க ஒருத்தரையும் காணேல்லையே, பிள்ளை?”

அந்தக் கேள்வியை அப்போது சிரித்துத் தள்ளிவிட்டேன். ஆனால் 2023 ஜூன் மாதம் அடைவின் ஒரு வருடத் தவணை முடிகிறது என்ற கடிதம் வந்தபோது, ஆண்டுக்கு நூற்றுக்கு இருபதைத் தாண்டிய வட்டியைக் கட்டி அடைவைப் புதுப்பித்துவிட்டு, முதல் தொகையில் ஒரு ரூபாவும் குறையாத சீட்டோடு வீட்டுக்கு வந்து பலகையின் முன் நின்றேன். என் வாழ்க்கையில் உண்மையாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த விடயம் அந்தப் பலகையில் எங்குமே இல்லை. சிவப்புக் கார் இருந்தது.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பெறாமகளிடம் இதைச் சொன்னபோது, அவள் உளவியல் ஆய்வுகள் சிலவற்றை எனக்கு எடுத்து விளக்கினாள். 1991இல் கப்ரியேல் ஓட்டிங்கனும் தோமஸ் வாடனும் வெளியிட்ட ஆய்வொன்றில், எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களுள் மெலிந்துவிட்ட தங்களை இனிமையாகக் கற்பனை செய்தவர்கள், அப்படிக் கற்பனை செய்யாதவர்களைவிடக் குறைவாகவே மெலிந்தார்கள். ஆனால் ‘என்னால் முடியும்’ என்று எதிர்பார்த்தவர்கள் கூடுதலாக மெலிந்தார்கள். எதிர்பார்ப்பது வேறு, கிடைத்துவிட்டதாகச் சுவைப்பது வேறு. 1999இல் கலிபோர்னியாவில் லியென் ஃபாமும் ஷெலி டெய்லரும் செய்த ஆய்வில், பரீட்சைக்கு முன் ஒரு பகுதி மாணவர்களை நல்ல புள்ளி கிடைத்த காட்சியைத் தினமும் சில நிமிடங்கள் கற்பனை செய்யச் சொன்னார்கள்; இன்னொரு பகுதியினரைத் தாங்கள் உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். படிப்பதைக் கற்பனை செய்தவர்களே அதிகம் படித்தார்கள், கூடிய புள்ளியும் பெற்றார்கள். என் ஏழு மாத அனுபவத்துக்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. தினமும் மாடி வீட்டைப் பார்த்து மனம் அதற்குள் ஒருமுறை குடிபுகுந்துவிட்டு வந்தது. பிறகு அதற்காக மினக்கெட அதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

ஓட்டிங்கன் பின்னாளில் வகுத்த முறை நான்கு படிகளைக் கொண்டது: ஆசை, அது நிறைவேறினால் வரும் நன்மை, எனக்குள்ளேயே இருக்கும் தடை, அந்தத் தடை தலைகாட்டினால் நான் செய்யப்போவது. நான்காவது படிக்கு அடிப்படை, ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே எழுதிவைப்பதன் பயனைக் காட்டிய பீற்றர் கோல்விட்சரின் ஆய்வுகள். இதையெல்லாம் கேட்ட பிறகு பலகையே வேண்டாம் என்று விட்டிருக்கலாம். நான் விடாததற்குக் காரணம், படத்துக்குள்ள ஒரு பலத்தை அந்த ஏழு மாதங்களில் கண்டிருந்தேன்: நாள்தோறும் பார்க்கும் படம் மனத்தில் இடம் பிடித்துவிடுகிறது. பிழையான படத்துக்கே அவ்வளவு இடம் கிடைக்குமென்றால், சரியான படத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாம் அல்லவா?

படங்களுக்கு முன்னதாக இம்முறை ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதினேன். மூன்று மாலைகள் எழுதினேன். ஆசைகளை எழுதுவது இலகுவாக இருந்தது. அவற்றின் பக்கத்தில் ஒரு திகதி எழுத முயன்றபோதுதான் கை நின்றுவிட்டது. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் வேறெங்கோ தயாரிக்கப்பட்ட காணொளிகளில் இதற்கு இடமில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, கொட்டும் மழையில், போரால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த சனத்துக்குள் நானும் இருந்தேன். எனக்குப் பத்து வயது. 2006இல் கொழும்பில் கணக்கியல் வகுப்பொன்றில் சேர்வதற்குப் பதிவு செய்திருந்தேன். அந்த ஓகஸ்டில் போரால், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை மூடப்பட்டது, வகுப்பும் போயிற்று, கட்டிய காசும் போயிற்று. அடுத்த வருடம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உறுதியாகச் சொல்லிக் கேட்டதில்லை. சொன்னாலும் ‘இருந்தால் பார்ப்பம்’ என்ற வால் ஒன்று சேர்ந்தே வரும். அம்மாவின் அலுமாரியில் இன்றும் ஒரு பை இருக்கிறது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகங்கள், எங்கள் பரீட்சைப் பெறுபேறுகள் எல்லாம் அதற்குள் பொலித்தீன் சுற்றி இருக்கும், எந்த நேரமும் தூக்கிக்கொண்டு வெளிக்கிடலாம். அம்மாவின் தலைமுறைக்கு இலக்குப் பலகை என்று ஒன்று இருந்திருக்குமானால் அது அந்தப் பைதான். அதில் இருந்த ஒரே இலக்கு, இழக்காமல் இருப்பது.

ஆகவே ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று எழுதுவதை விட்டு, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட திகதி எதையும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். என் கை அவ்வளவுக்குத்தான் ஒத்துழைத்தது. இது பலவீனம் என்று யாராவது சொன்னால் வாதாடமாட்டேன். ஆனால் திகதியே இல்லாத இலக்கைவிட மூன்று மாதத் திகதி மேல்.

இரண்டாவது பலகையில், 2023 ஓகஸ்டில், மூன்றே விடயங்கள் இருந்தன. சங்கிலியை மீட்பது, அரச ஊழியர்களுக்குரிய சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடைவது, சீனி வருத்தம் வரும் நிலையில் இருப்பதாக வைத்தியர் எச்சரித்த உடம்பைச் சரிசெய்வது. பத்திரிகையிலிருந்து ஒரு படமும் வெட்டவில்லை. என் கைபேசியால் நானே எடுத்த படங்களைக் கொமினிகேஷன் கடை ஒன்றில் ஒரு ஏ4 தாளுக்கு நான்காக அச்சிட்டேன். சங்கிலிக்குச் சங்கிலியின் படத்தை வைக்கவில்லை. அடைவுச் சீட்டின் பிரதியையே வைத்தேன், அதன் கீழே ஒவ்வொரு மாதமும் கட்டும் தொகையை எழுதக் கட்டங்கள் கீறினேன். சிங்களத்துக்குச் சான்றிதழின் படம் அல்ல, எங்கள் குசினி மேசையில் என் கொப்பியும் தேநீர்க் கோப்பையும் இருக்கும் படம். உடம்புக்கு மெலிந்த பெண் அல்ல, கிணற்றடியில் சாத்திவைத்த என் பழைய சைக்கிள்.

ஒவ்வொரு படத்தின் கீழும் தடையை எழுதுவதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். முதலில் எழுதிய தடைகள் எல்லாம் வெளியே இருந்தன: சம்பளம் போதாது, நேரம் இல்லை, வீதியில் நாய்கள். அவை பொய்யல்ல. ஆனால் அவற்றை எழுதிவிட்டுச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. மறுபடி அடித்துவிட்டு எழுதியபோது வந்தவை சொல்ல வெட்கப்படும்படியானவை. சம்பளம் வந்த வாரத்திலேயே ஊர்க் கலியாணங்களுக்கு மற்றவர்களுக்குக் குறையாமல் அன்பளிப்புக் கொடுக்கவேண்டும் என்ற ரோசம், மாதம் நாலாயிரம் ஐயாயிரத்தைத் தின்றுகொண்டிருந்தது. சிங்களத்தில் பிழைவிட்டால் சிரிப்பார்கள் என்ற பயத்தில் சக ஊழியர்களிடம் அந்த மொழியில் வாயே திறந்ததில்லை. இந்த இரண்டையும் எழுதிய பிறகுதான் திட்டம் என்று ஒன்று எழுத முடிந்தது. ‘சம்பளம் கணக்கில் விழுந்த அன்றைக்கு, வீட்டுக்கு வரமுன்னம் 12,000 ரூபாவை அடைவுக்குக் கட்டுவேன், கலியாண அழைப்பு வந்தால் மிச்சத்திலிருந்து கொடுப்பேன்.’ ‘காலையில் கேத்திலை அடுப்பில் வைத்தால், தண்ணீர் கொதிக்கும்வரை ஐந்து சிங்கள வாக்கியங்களைச் சத்தமாக வாசிப்பேன்.’ ‘ஐந்தரைக்குச் சைக்கிளில் நல்லூர் வீதிவரை போவேன், மழை என்றால் விறாந்தையில் இருபது நிமிடம் நடப்பேன்.’ கடைசி வாக்கியத்தின் பிற்பகுதி மாரி தொடங்கிய பிறகு சேர்க்கப்பட்டது. அது இல்லாததால் அந்த ஒக்டோபரில் மூன்று வாரங்கள் சைக்கிள் கிணற்றடியிலேயே நனைந்தது.

கைவேலையைப் பொறுத்தவரை சொல்லக்கூடியவை சில. பசை பூசி ஒட்டாதீர்கள், குண்டூசி போதும். ஒட்டிய படத்தைக் கழற்ற மனம் வராது, கழற்ற முடியாத பலகை சில மாதங்களில் சுவரோடு சுவராகிவிடும். மாரிகாலத்து ஈரப்பதனில் பசைக்குப் பூச்சியும் வரும். இடத்தைப் பொறுத்தவரை, நீங்கள் தினமும் திறக்கும், விருந்தினர் திறக்காத ஒரு கதவின் உட்புறம் நல்லது. மூன்று படத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நான்காவதை நான் ஒருமுறை சேர்த்துப் பார்த்தேன், ஒரு வீட்டுத் தோட்டம், அதையும் பார்க்கவில்லை, மற்ற மூன்றையும் அந்த மாதம் சரியாகப் பார்க்கவில்லை. வெண்டி மரங்களை அயல்வீட்டு ஆடு பார்த்துக்கொண்டது. ஞாயிறு இரவில் பத்து நிமிடம் கொப்பியோடு அந்தக் கதவின் முன் கதிரை போட்டு உட்காருவேன். அந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் பலகை வெறும் அலங்காரம்.

விளைவுகளையும் உள்ளபடி சொல்லவேண்டும். 2025 மார்ச்சில் சங்கிலி வீட்டுக்கு வந்தது. மாதம் 12,000 ரூபா வீதம் கட்டியதோடு, நடுவில் எடுத்த ஒரு சேமிப்புச் சீட்டுக் காசும், வட்டி வீதங்கள் மெல்லக் குறைந்ததும் உதவின. பலகையே எல்லாவற்றையும் செய்தது என்று சொன்னால் பொய். சிங்கள எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தேன், வாய்மொழிப் பரீட்சையில் தவறினேன், மறுபடி தோற்றவேண்டும். அதன் தடை என்ற வரியை அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறேன். இரத்தத்தில் சீனியின் அளவு சற்று இறங்கியிருக்கிறது. எடை அப்படியேதான் நிற்கிறது.

இவற்றைவிடக் கடினமாக இருந்தது, முதற் பலகையின் கனடாப் படத்துக்கு என்ன செய்வது என்பது. பலகையை இறக்கியபோது அதை மட்டும் தனியே எடுத்துக் கொப்பிக்குள் வைத்திருந்தேன். தடை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பல ஞாயிற்றுக்கிழமைகள் யோசித்தும் ஒன்றும் எழுத வரவில்லை, ஏனெனில் தடை என்று எதுவும் இருக்கவில்லை. எனக்குப் போக விருப்பமில்லை, அவ்வளவுதான். அதை அண்ணாவிடம் தொலைபேசியில் சொன்ன இரவு அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப காணியை விக்கேல்லை என்ன?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இருந்ததா, ஆறுதல் இருந்ததா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இலக்கு ஒன்றை எழுதித் தடை எழுத முடியாமல் போகும்போது, அது உங்களுடைய இலக்குத்தானா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

சங்கிலியின் சீட்டைக் கழற்றிய வாரம், அந்த இடத்தில் அடுத்து எதைக் குத்துவது என்று நான் தீர்மானிக்கவில்லை. ஒருநாள் அலுவலகத்தால் வந்து கதவைத் திறந்தபோது, அங்கே பழைய கலண்டரிலிருந்து கவனமாக வெட்டிய ஒரு நடராசர் படம், ஒற்றைக் குண்டூசியில் சாய்ந்தபடி இருந்தது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய கப்பலைப் பற்றி அம்மா பத்திரிகையில் வாசித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். சிதம்பரம் போகவேண்டும் என்று அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

“எணை, தடை எண்டு ஒண்டு எழுதவேணும்,” என்றேன்.

“முழங்கால்தான். கப்பல்ல இருந்துகொண்டுதானே போறது?”

அடுத்த மூன்று மாதத்தில் செய்யவேண்டிய முதல் வேலை என்ன என்று கேட்டேன். அம்மா அந்தப் பொலித்தீன் பையைத் தூக்கிக் கட்டிலில் வைத்து அவிழ்த்து, தன் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கோணும்,” என்றார். “கண்ணாடியைப் போட்டுக்கொண்டோ, கழட்டிப்போட்டோ?”